மச்சம்

சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்ட கதையை விருத்தாசலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பழமலைநாதர் கொடுத்த பொன். அதை இங்கே ஆற்றில் போட்டுவிட்டு, திருவாரூரில் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்துக்கொண்டார். ‘ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறான்’ என்று ஊர் உலகம் கேலி பேசுகிற பழமொழி எங்களுக்குத் தல வரலாறு.

கதை சொல்பவர்கள் அவசரத்தில் ஒன்றை விட்டுவிடுவார்கள். பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார் சுந்தரர். மாற்றுப் பார்ப்பதற்கான மாதிரித் துண்டு. அதற்கு மச்சம் என்று பெயர். குளத்தில் எடுத்ததை மச்சத்தோடு வைத்து உரசினால் மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் சரிசெய்துகொண்டார். உரைத்துப் பார்த்த பிள்ளையார் மாற்றுரைத்த விநாயகர் என்ற பெயரோடு திருவாரூரில் இருக்கிறார். தம்பிரான் தோழர் என்றே பெயர் வாங்கிய ஆள், கடவுள் கொடுத்த பொன்னுக்கே அத்தாட்சி இல்லாமல் இந்த ஊரைவிட்டு நகரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் டர்பனிலிருந்து ஓர் அம்மாள் இங்கே வந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நண்பரின் நண்பர் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தவை சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும், திட்டுவதற்கு இரண்டு மூன்று சொற்களும். கையில் ஒரு நகல் வைத்திருந்தார், அவருடைய கொள்ளுத்தாத்தா ஏறிய கப்பலின் பட்டியல். 1860 நவம்பர் 16ல் சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ டர்பனைத் தொட்டது தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு ஏற்றிப் போனார்கள். அத்தனை பேருக்கும் இப்படி ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசிக் கட்டத்தில் அங்க அடையாளம். அம்மாளின் கொள்ளுத்தாத்தாவுக்கு இடது முழங்காலில் ஒரு தழும்பு, கழுத்தில் ஒரு மச்சம்.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சுந்தரர் ஞாபகம் வந்துவிட்டது. இவர்களும் ஒரு மச்சத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் ஆற்றில் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் அதை எடுத்து வைத்தவர்கள் இவர்கள் இல்லை. குமாஸ்தா எடுத்து வைத்தான், ஓடிப்போனால் பிடிப்பதற்கு.

ஜில்லா, தென்னாற்காடு. தாலுகாவின் பெயரை அந்தக் காலத்து வெள்ளைக்காரன் ‘வெர்தாசெல்லம்’ என்று எழுதுவான். அதனால் அது எங்கள் ஊர்தான் என்பதில் தகராறு இல்லை. கிராமத்தின் பெயர்தான் எப்படி உச்சரித்தாலும் எங்கள் தாலுகாவில் இல்லாத ஒரு ஊராக இருந்தது. ‘பாக்கம்’ என்று முடிகிற ஊராக இருக்கலாம் என்று மூன்று இடங்களுக்கு அழைத்துப்போனேன். ஒரு கிராம நிர்வாக அலுவலர், பையன், நல்ல மாதிரி, அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “பட்டா நம்பர் எதும் தெரியுமாம்மா?”

நான் மொழிபெயர்த்தேன். அம்மாள் சிரிக்கவில்லை. அவர் அத்தனை தூரம் வந்தது சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்க இல்லை. அவர் கேட்க வந்ததும் ஏறக்குறைய அதே கேள்விதான். “அவருக்கு இங்கே நிலம் இருந்ததா?”

இருந்திருக்காது என்று உடனே சொல்லியிருக்கலாம். கப்பலேறிப் போனவர்களில் நிலத்தில் உழைத்தவர்கள் உண்டு, நிலம் வைத்திருந்தவர்கள் குறைவு. தென்னாற்காட்டில் படியாளாக இருந்த ஒருவனுக்கு ஊரின் நத்தத்தில் குடிசை போட்டுக்கொள்ளவே யாராவது உத்தரவு கொடுக்க வேண்டும். அவர்களுக்கும் நிலம் வேண்டும் என்று செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் எழுதி, 1892ல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஏற்பாடானது. அந்த நிலம் பிறகு யார் யார் கைக்குப் போனது என்பது வேறொரு கட்டுரை, அதை எழுத ஆரம்பித்தால் நான் இந்த ஊரில் இருக்க முடியாது. ஆக அவர் விட்டுவிட்டுப் போனது நிலத்தை அல்ல. நிலம் தன்னுடையதாக இருக்க முடியாத ஓர் இடத்தைவிட்டு அவர் போனார். போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை அம்மாள் எனக்குச் சொன்னார். மிச்சத்தை நான் பிறகு படித்தேன்.

நேட்டாலில் முதலில் ஒரு நப்பாசை காட்டினார்கள். ஒப்பந்தம் முடிந்து, பத்து வருடம் கழித்தவனுக்கு ஊர் திரும்பக் கப்பல் கட்டணம் உண்டு. திரும்ப வேண்டாம் என்றால் அதற்கு ஈடாக அரசாங்க நிலம் கேட்கலாம். ஐம்பது சொச்சம் பேருக்குத்தான் அது கிடைத்தது. 1891ல் அந்த ஏற்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். 1895ல் சட்டம் தலைகீழானது. ஒப்பந்தம் முடிந்தும் தங்குகிறவன் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். தில்லையாடி வள்ளியம்மையைச் சிறைக்கு அனுப்பிய காரணங்களில் அந்த வரியும் ஒன்று.

பக்கத்து டிரான்ஸ்வாலில் இந்த மாதிரிப் பாசாங்கு எதுவும் இல்லை. 1885ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம், ஆசியர்கள் அசையாச் சொத்து வைத்திருக்கக் கூடாது என்று நேராகவே சொன்னது. அடுத்த வருடத் திருத்தத்தில், அரசாங்கம் காட்டுகிற தெருக்களிலும் ஒதுக்கிடங்களிலும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தி, காரணத்தையும் எழுதினார்கள்: சுகாதாரம். சட்டம் யாருக்கு என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. கூலிகள் எனப்படுவோர், அரேபியர், மலாய்க்காரர், துருக்கி சாம்ராஜ்யத்து முகமதியப் பிரஜைகள். கூலி நம்முடைய சொல். நாள் முழுக்க வேலை செய்தால் சாயங்காலம் கைக்கு வருவது. அந்தச் சட்டத்தில் அது ஒரு இனத்தின் பெயராகிவிட்டது. டர்பனில் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பிய டாக்டர் குணம், தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது அதற்கு ‘கூலி டாக்டர்’ என்றே தலைப்பு வைத்தார்.

ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்களுக்கு ஓர் ஒதுக்கிடம் இருந்தது. 99 வருடக் குத்தகை. நகராட்சி அதைக் கையகப்படுத்தியபோது நஷ்டஈட்டுக்காக ஏறக்குறைய எழுபது வழக்குகளைக் காந்தி நடத்தினார். ஒன்றில் மட்டும்தான் தோற்றதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். வக்கீலுக்கு இதைவிட என்ன வேண்டும். 1904ல் பிளேக் வந்தது, அந்த இடத்தைக் காலி செய்து கொளுத்திவிட்டார்கள். ஒன்று தவிர வழக்குகள் எல்லாம் ஜெயித்து, இடம் சாம்பலானது. புலம்பெயர்ந்தவர்களின் நில வழக்குகளைப் படித்துக்கொண்டே போனால் இது திரும்பத் திரும்ப வருகிறது. தீர்ப்பு ஒரு பக்கம் போகும், மண் ஒரு பக்கம் போகும்.

சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொன்னால் மனிதர்கள் வைத்திருக்காமலா இருப்பார்கள்? இன்னொருவர் பெயரில் வைத்திருப்பார்கள். நம்பிக்கையான வெள்ளைக்கார நண்பர் இருந்தால் அவர் பெயரில். 1910ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை 1,100 ஏக்கர். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள், அதில் நிறையத் தமிழர்கள், அங்கேதான் இருந்தார்கள். நிலம் ஹெர்மன் கலன்பாக் என்ற யூதக் கட்டடக் கலைஞருடையது. டிரான்ஸ்வாலில் காந்தியின் பெயரில் ஒரு காணி நிலம் இருக்க வழியில்லை.

க்ரூகர்ஸ்டார்ப் என்ற ஊரில் தாது என்ற வியாபாரி வேறொரு வழி கண்டுபிடித்தார். கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். மொத்தம் 150 பங்கு. 149 அவருடையது, ஒன்று இன்னொருவருடையது. நிலத்தைக் கம்பெனி வாங்கியது. நகராட்சி வழக்குப் போட்டது, இது இந்தியர் சொத்து என்று. 1920ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பதில் இன்றைக்கும் கம்பெனிச் சட்ட வகுப்புகளில் ஓடுகிறது. கம்பெனி என்பது அதன் பங்குதாரர் அல்ல, அது தனி ஆள், அதற்கு இனம் கிடையாது. கேட்பதற்கு வேதாந்தம் மாதிரி இருக்கிறது. மனிதனுக்குக் கிடைக்காத நிலம், உடம்பும் நிறமும் இல்லாத ஒரு பெயருக்குக் கிடைத்தது. ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1919ல், இனி அப்படிக் கம்பெனி வைத்தும் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டு ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அந்த வியாபாரியின் மகன்தான் பின்னால் போராட்டத் தலைவரான டாக்டர் யூசுப் தாது. அப்பா கம்பெனி வைத்துச் சுற்றிக்கொண்டு போன சட்டத்தோடு மகன் நேராக மோதினார்.

அந்த மோதல் 1946ல் வந்தது. நம் ஊர்ப் பாடப் புத்தகங்கள் வள்ளியம்மையோடு தென்னாப்பிரிக்காவை முடித்துவிடுகின்றன. காந்தி கப்பலேறியதும் அங்கே இருந்தவர்களும் நம் நினைவிலிருந்து இறங்கிவிட்டார்கள். டர்பனில் கொஞ்சம் வசதி வந்த இந்தியக் குடும்பங்கள் வெள்ளையர் தெருக்களில் வீடு வாங்க ஆரம்பித்ததும், அரசாங்கம் அதை விசாரிக்க நீதிபதி புரூம் தலைமையில் கமிஷன் வைத்தது. அது விசாரித்த விஷயத்துக்கு வைத்திருந்த பெயர் ‘இந்திய ஊடுருவல்’. காசு கொடுத்து, பத்திரம் பதிந்து, வரி கட்டி வீடு வாங்குவதற்குப் பெயர் ஊடுருவல். இந்தச் சொல்லை இன்றைய செய்தித்தாளில் வேறு யாரையோ பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்தக் கமிஷன் ஞாபகம் வரும். 1943ல் டர்பனில் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையே சொத்து கைமாறுவதை மூன்று வருடத்துக்கு நிறுத்திவைத்தார்கள். 1946 ஜூனில் நிரந்தரச் சட்டம் வந்தது. அதன் முழுப் பெயர் ஆசியர் நில உரிமை மற்றும் இந்தியர் பிரதிநிதித்துவச் சட்டம். ஒரு கையால் நிலத்தை எடுத்துக்கொண்டு, மறு கையால் நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்காகப் பேச வெள்ளைக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் சுருக்கமானது, ‘கெட்டோ சட்டம்’.

நிலம் வாங்கக் கூடாது என்ற சட்டத்தை எப்படி மீறுவது? உப்புச் சட்டம் என்றால் ஒரு பிடி அள்ளலாம். நிலத்தை வாங்கி மீறுவதென்றால் விற்க ஓர் ஆள் வேண்டும், எழுத ஓர் ஆள் வேண்டும், பதிய ஓர் அதிகாரி வேண்டும். ஆகவே அவர்கள் படுத்துக் காட்டினார்கள். 1946 ஜூன் 13ஆம் தேதி கூட்டம் முடிந்து ஊர்வலமாகப் போய், கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சேரும் முக்கில், நகராட்சிக்குச் சொந்தமான காலி மனையில் கூடாரம் அடித்தார்கள். இந்தியர் குடியிருக்கக் கூடாத இடம். முன்னால் நின்றவர் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் மாண்டி நாயக்கர். முதல் அணியில் பெண்கள் பலர். முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒரே கூடாரத்தில். ராத்திரியானால் வெள்ளைக்கார வாலிபர்கள் வந்து கூடாரத்தைக் கிழிப்பார்கள், அடிப்பார்கள். மறுநாள் மறுபடி கூடாரம் எழும். மைக்கேல் ஸ்காட் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் அந்த அடியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தானும் அந்த மனையில் போய் நின்று சிறை சென்றார். கிருஷ்ணசாமி பிள்ளை என்ற இந்தியப் போலீஸ்காரர், வேலை நேரம் முடிந்து சாதா உடையில் அந்தப் பக்கம் இருந்தவர், போராட்டக்காரர் என்று எண்ணி அடிக்கப்பட்டு இறந்துபோனார். சட்டத்தின் ஆளாக இருந்தும் அவர் உடம்பு அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்திக்கொண்டு வழக்கை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோனது. சுதந்திரத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கும்போது, 1946 டிசம்பர் 8ல், விஜயலட்சுமி பண்டிட் நின்று வாதாடிய தீர்மானம் 32க்கு 15 என்று நிறைவேறியது. புலம்பெயர்ந்த சில தோட்டக்காரர்களின் காய்கறி நிலமும் சில வியாபாரிகளின் வீட்டு மனையும் உலக சபையின் முதல் வருடத்திலேயே உலகப் பிரச்சினையாயின. ஜெயித்தாயிற்றா? 1948ல் மலானின் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1950ல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் முன்னால் 1946 சட்டம் சாதுவாகத் தெரிந்தது.

அம்மாளின் குடும்பம் கேட்டோ மேனரில் இருந்தது. டர்பனுக்குப் பக்கத்தில் மலைச்சரிவு. இந்தியர்கள் குத்தகைக்கு எடுத்தும் விலைக்கு வாங்கியும் வாழையும் கீரையும் போட்ட இடம். அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அது வெள்ளையர் பகுதி என்றாகி, இவர்கள் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். கேட்டோ மேனரில் வீடுகளையெல்லாம் இடித்துத் தள்ளியவர்கள் கோயில்களை மட்டும் விட்டுவைத்தார்கள். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், காடு மண்டிய மேட்டில் தனியாக நிற்கிற கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வருவார்களாம். “மனிதர்களில் யாருக்கும் அங்கே பட்டா இல்லாமல் போய்விட்டது. மாரியம்மனுக்கு மட்டும் இருந்தது” என்றார். கிராம நிர்வாக அலுவலரிடம் கற்றுக்கொண்ட ‘பட்டா’ என்ற சொல்லை அதற்குள் அவர் கச்சிதமாகப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்.

அந்தச் சட்டங்கள் 1991ல் போயின. 1994ல், இன அடிப்படையில் நிலம் இழந்தவர்கள் கேட்டுப் பெறலாம் என்று புதிய சட்டம் வந்தது. 1998 டிசம்பர் 31க்குள் மனுப் போட வேண்டும். இவருடைய அப்பா பத்திரத்தை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்ததால் இவர்கள் போட்டார்கள், நிலம் வராமல் பணம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உறவினர் பெயரில் வாங்கியிருந்தார், அந்த உறவினரின் பிள்ளைகளுக்கு அது நினைவில் இல்லை. மச்சம் எடுத்து வைத்தவர், எடுத்து வைக்காதவர்.

பெயர் கடன் வாங்குவது தென்னாப்பிரிக்காவோடு முடிகிற விஷயமல்ல. கலிபோர்னியாவில் 1913ல், ‘குடியுரிமைக்குத் தகுதியற்ற அந்நியர்’ விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். இனத்தின் பெயரைச் சொல்லாமலே சொல்கிற சாமர்த்தியம் அதில் இருக்கிறது. ஜப்பானியர்களைக் குறிவைத்த சட்டம். 1923ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்களும் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது பஞ்சாபி விவசாயிகளும் அதில் விழுந்தார்கள். கஜிரோ ஒயாமா என்ற ஜப்பானிய விவசாயி 1934ல் தன் ஆறு வயது மகன் பிரெட் பெயரில் ஆறு ஏக்கர் வாங்கினார். பையன் அங்கே பிறந்தவன், குடிமகன். போர் வந்து குடும்பமே வெளியேற்றப்பட்டிருந்த நேரத்தில், இது அப்பனின் சொத்து என்று சொல்லி அரசாங்கம் நிலத்தைக் கேட்டது. 1948 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பையன் பக்கம் நின்றது. மற்றக் குழந்தைகளுக்கு அப்பா நிலம் வாங்கிக் கொடுத்தால் அன்பு என்கிறோம், இந்தக் குழந்தைக்குக் கொடுத்தால் மட்டும் சூழ்ச்சியா என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தச் சட்டமே பிழை என்று மாநில நீதிமன்றம் சொல்ல இன்னும் நாலு வருடம் ஆனது.

அம்மாள் கிளம்பும்போது ஒரு பிடி மண் கேட்டார். எந்த ஊர் என்று தெரியாததால் மூன்று பாக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தாளில் மடித்தோம். பிறகு அவருக்கே நினைவு வந்தது, அவர்கள் நாட்டு விமான நிலையத்தில் மண்ணை விடமாட்டார்கள். கிருமி, பூச்சி. 1886ல் எழுதிய அதே காரணம் என்று நான் சொன்னேன், அவர் ரசித்தார். கடைசியில் எங்கள் செராமிக் தொழிற்பேட்டைக்கு அழைத்துப்போனேன். ஊரின் பெயரைத் தமிழ்நாட்டுக்கு வெளியே தெரிய வைத்தது அந்த இடம். பிளாஸ்டர் அச்சில் மண்குழம்பை ஊற்றி, மிச்சத்தைக் கவிழ்த்து எடுத்து, காயவைத்துச் சூளையில் அடுக்குகிற பெண்களை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பிள்ளையார் வாங்கிக்கொண்டார். சுட்ட மண்ணுக்கு எந்த விமான நிலையத்திலும் தடையில்லை.

இதையெல்லாம் ஒரு தென்னாப்பிரிக்கக் கதையாகவே எழுதி முடித்திருப்பேன், போன வருடம் என் வீட்டுக்கு வெள்ளையடிக்க அந்தப் பெயிண்டர் வராமல் இருந்திருந்தால்.

கடலூர் மாவட்டத்து முகாம் ஒன்றிலிருந்து வருகிறவர். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, 1990ல் நாலு வயதில் வந்தவர். முகாமில் ஆண்களில் நிறையப் பேருக்குப் பெயிண்ட் வேலைதான். “எங்க அப்பாயி ஊரு துறையூர்ப் பக்கம் சார். இங்கேர்ந்து போனவங்கதான் நாங்க” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தாத்தா, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததற்கு ஒரு தாள் இருக்கிறது, லேமினேட் செய்து வைத்திருக்கிறார். 1964 அக்டோபர் 30ல் போட்ட ஒப்பந்தம் அது. ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். முறை வருவதற்குள் 1984ல் தலைமன்னார் கப்பல் நின்றுவிட்டது. ஒழுங்காகக் கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியவர். கள்ளத்தோணியில் தப்பி வந்ததால் அகதி.

முகாமில் இருக்கிற இவருடைய பெரியப்பா மகன் 1987 ஏப்ரலில் இங்கே பிறந்தவர். அந்த வருடம் ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன் என்பது சட்டம். அவருடைய தம்பி 1989ல் பிறந்தவர். ஒரே தாய், ஒரே தகரக் கொட்டகை, ஒரே ஆஸ்பத்திரி. அண்ணன் மனை வாங்கலாம், தம்பி வாங்க முடியாது. அண்ணனுக்கும் அதை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

நான் சரிபார்த்தேன். அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் ஒரு விதி இருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, ஆப்கானிஸ்தான், சீனா, ஈரான், நேபாளம், பூடான் முதலிய நாடுகளின் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்கக் கூடாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு. இதில் இன்னொரு கதவும் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்து நீண்டகால விசாவில் இருக்கும் இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் குடியிருக்க ஒரு வீடும் தொழில் செய்ய ஓர் இடமும் வாங்கிக்கொள்ளலாம். 2019 குடியுரிமைத் திருத்தமும் அதே மூன்று நாடுகளுக்குத்தான். இந்துவாக இருந்தும், தமிழனாக இருந்தும், துறையூர்ப் பக்கத்து அப்பாயி இருந்தும் எங்கள் பெயிண்டர் எந்தக் கதவிலும் நுழையவில்லை. இனம், மதம், ஊர் என்று மூன்று மச்சம் கையில் இருந்தும் நாட்டின் பெயர் ஒன்று மாற்றுக் குறைகிறது.

வழக்குப் போடாமல் இல்லை. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்தவர்களும் சேர்ந்து 65 பேர் குடியுரிமை கேட்டுப் போட்ட மனுவில், 2019 ஜூன் 17ல், மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர்கள் இந்திய வம்சாவளியினர் என்பதைக் கணக்கில் எடுத்து விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்களில் 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. தகரக் கொட்டகையில் வெந்துகொண்டு கிடந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை சின்ன விஷயம் இல்லை, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நம் ஊர்க் கிரயப் பத்திரத்தில் ஒரு வாசகம் வரும், ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று. பத்திர எழுத்தர்கள் மூச்சுவிடாமல் எழுதித் தள்ளுகிற வரி. அந்த வரியை மட்டும் அந்த வீடுகளுக்கு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

வேலை முடிகிற நாளில் பெயிண்டர் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். டீ குடித்தார். பிறகு, டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெண்ணாடம் ரோட்டில் ரெண்டு சென்ட் மனை வருகிறதாம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருக்கிறதாம். பெரியப்பா மகனுக்குச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, வந்தாலும் அவர் பெண்டாட்டி சம்மதிக்க மாட்டாள்.

“பத்திரத்த உங்க பேர்ல போட்டுக்கலாமா சார்? வீடு மட்டும் நாங்க கட்டிக்கிறோம். பிற்பாடு எங்களுக்குக் கிடைச்சதும் மாத்திக்கலாம்.”

கலன்பாக் எனக்கு ஞாபகம் வந்தார். வந்த கையோடு பினாமிச் சட்டமும் வந்தது. 1988ல் போட்டு, 2016ல் பல் வைத்த சட்டம். சொத்து பறிமுதலாகும், இரண்டு பேருக்கும் தண்டனை உண்டு. நாளைக்கு நான் இல்லாமல் போனால் என் பிள்ளைகளுக்கு இது நினைவிருக்குமா என்ற கேள்வியும் வந்தது. டர்பனில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருடைய உறவினரும் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார்.

“அடுத்த வாரம் சொல்றேன்” என்றேன்.

நாலு மாதம் ஆகிறது. வெளிக் கேட்டுக்கு இரண்டாம் கோட்டிங் பாக்கி இருக்கிறது. அவரும் வந்து கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.